ஒரே இரவில் ஊரைக் காலி செய்த அணி!

முப்பது வயதில் ரிடையர் ஆகும் ஆட்டக்காரர்கள் - மைதானத்தைத் தேடி ஊர் மாறும் முதலாளிகள்

உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு காகிதங்கள் மறக்கவே மறக்காது. ஒன்று மாற்றல் உத்தரவு. மற்றது, இன்ன தேதியோடு சர்வீஸ் முடிகிறது என்று வரும் கடிதம். முதலாவது ஊரைப் பிரிக்கிறது. இரண்டாவது வேலையைப் பிரிக்கிறது.

அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேர் பார்க்கும் ஒரு விளையாட்டில் இந்த இரண்டும் சர்வ சாதாரணம். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் முப்பது வயதுக்குள் ஓய்வு பெற்று விடுகிறார்கள். மாற்றலோ தனி ஆளுக்கு வருவதோடு நிற்பதில்லை. அணி முழுவதற்குமே வருகிறது. கோப்பைகள், சட்டைகள், மேஜை நாற்காலிகள் அத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டு அணி வேறு ஊருக்குப் போய் விடுகிறது. முப்பது வருஷம் டிக்கெட் வாங்கி, மழையிலும் பனியிலும் உட்கார்ந்து கைதட்டிய ஊரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அப்படிப் போன அணிகளில் மிகவும் பேர் போனது பால்டிமோர் நகரத்தின் 'கோல்ட்ஸ்' அணி. அது போன விதத்தை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் மறக்கவில்லை.

பெயர்தான் கால்பந்து

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் 'புட்பால்' என்றால் நாம் அறிந்த கால்பந்து அல்ல. பந்து உருண்டையாக இராது. இரண்டு முனையும் கூராக இருக்கும். காலால் உதைப்பது அபூர்வம். கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும், தூர நிற்கும் கூட்டாளிக்கு வீசுவதுமே ஆட்டம்.

பக்கத்துக்குப் பதினொரு பேர். மைதானத்தின் நீளம் 100 கஜம். நான்கு முயற்சிகளில் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. இப்படியே எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளிகள். பந்தை வாங்கி, யாருக்கு வீசுவது என்று தீர்மானித்து ஆட்டத்தை நடத்துபவரை 'குவார்ட்டர்பேக்' என்பார்கள். அணிக்கு மூளை அவர்தான்.

எதிராளியைத் தடுக்க ஆள் மேல் ஆள் விழுந்து மோதலாம். தலைக்கவசமும், தோளுக்கு மெத்தைக் கவசமும் உண்டு. அப்படியும் எலும்பு முறிவதும், முழங்கால் பெயர்வதும், மண்டை அதிர்வதும் வாராவாரம் நடக்கும். அதனால்தான் இந்த ஆட்டத்தில் சர்வீஸ் குறைவு. ஓர் ஆட்டக்காரரின் சராசரி சர்வீஸ் மூன்று, மூன்றரை ஆண்டுகள்தான் என்று ஆட்டக்காரர்களின் சங்கமே சொல்கிறது. பென்ஷன் உரிமை கிடைக்க மூன்று சீசன் ஆடியிருக்க வேண்டும். கணக்கைப் பார்த்தால், பென்ஷன் வாசலைத் தொடும் முன்பே வீட்டுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று புரியும்.

இந்த ஆட்டத்தை நடத்தும் தேசிய லீகில் இன்று 32 அணிகள் உள்ளன. ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தனி முதலாளிகள் உண்டு. அந்த ஓர் அணியைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

ஆறு டாலர் ஆட்டக்காரர்

பால்டிமோர் உழைப்பாளிகளின் ஊர். துறைமுகம், கப்பல் கட்டும் தளம், ஸ்பாரோஸ் பாயிண்ட் என்ற இடத்தில் பிரமாண்டமான இரும்பாலை. மூன்று ஷிப்டு வேலை. 1953-ம் ஆண்டில் கோல்ட்ஸ் அணி வந்து சேர்ந்தபோது, ஊரே அதைத் தன் வீட்டுப் பிள்ளை போல ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் சொற்பம். சீசன் இல்லாத மாதங்களில் அவர்களும் வேறு வேலைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கைதட்டு வாங்கியவரை வார நாளில் கடைத்தெருவில் பார்த்துப் பேசலாம்.

அந்த அணியின் செல்லப் பிள்ளை ஜானி யுனைட்டஸ். பிட்ஸ்பர்க் நகரத்துக்காரர். ஐந்து வயதில் தகப்பனார் காலமானார். 1955-ல் சொந்த ஊர் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. சீசன் தொடங்கும் முன்பே கழித்தும் விட்டது. மனம் தளராத யுனைட்டஸ் கட்டிட வேலைக்குப் போனார். மாலையில் உள்ளூர்ச் சிறு குழு ஒன்றில் ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு ஆடினார். மறு ஆண்டு கோல்ட்ஸ் அணியிலிருந்து அழைப்பு வந்தது.

முதல் வாய்ப்பும் விபத்தால் கிடைத்ததுதான். வழக்கமான குவார்ட்டர்பேக்குக்குக் கால் முறிந்தது. யுனைட்டஸ் இறங்கினார். அவர் வீசிய முதல் பந்தை எதிராளி பறித்துக்கொண்டு ஓடிப் புள்ளிகளும் எடுத்து விட்டார்! வேறொருவராக இருந்தால் அன்றோடு சரி. யுனைட்டஸ் பால்டிமோரில் 17 சீசன் ஆடினார்.

1958-ம் ஆண்டு டிசம்பர் 28. நியூயார்க் நகரில் இறுதிப் போட்டி. கோல்ட்ஸ் அணிக்கு எதிராக நியூயார்க் ஜயண்ட்ஸ். ஆட்டம் முடிய 7 விநாடி இருக்கும்போது கோல்ட்ஸ் 17-17 என்று சமன் செய்தது. லீகின் வரலாற்றில் முதல் தடவையாக இறுதிப் போட்டிக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டியதாயிற்று. யுனைட்டஸ் நிதானமாகப் பந்தை 80 கஜம் நகர்த்திக்கொண்டு போனார். முடிவு 23-17. ஜீனோ மார்ச்செட்டி என்ற கோல்ட்ஸ் ஆட்டக்காரர் கால் முறிந்தும் உள்ளே போக மறுத்து, ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே மைதான ஓரத்திலிருந்து ஆட்டத்தைப் பார்த்தார். டி.வி.யில் கோடிக்கணக்கானோர் பார்த்த அந்த ஆட்டம்தான் இந்த விளையாட்டுக்கு நாடு தழுவிய மவுசைத் தேடிக் கொடுத்தது.

தொடர்ந்து 47 ஆட்டங்களில், ஆட்டத்துக்கு ஒரு தடவையாவது பந்தை வீசி 6 புள்ளி தேடிக் கொடுத்தவர் யுனைட்டஸ். இந்தச் சாதனையை முறியடிக்க ஓர் ஆள் வருவதற்கு 2012-ம் ஆண்டு ஆயிற்று.

அணிக்கு அணி பண்டமாற்று

1972-ல் ஒரு விசித்திரம் நடந்தது. சிகாகோ வட்டாரத்தில் ஏர்கண்டிஷன் தொழிலில் பணம் சேர்த்த ராபர்ட் இர்சே என்பவர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் 'ராம்ஸ்' அணியை விலைக்கு வாங்கினார். வாங்கிய கையோடு அதைக் கோல்ட்ஸ் முதலாளி கேரல் ரோஸன்புளூமிடம் கொடுத்து, பதிலுக்குக் கோல்ட்ஸ் அணியை எடுத்துக்கொண்டார். இரண்டு முதலாளிகள் இரண்டு அணிகளைப் பண்டமாற்றுச் செய்துகொண்டார்கள்.

புதிய நிர்வாகத்தில் யுனைட்டஸுக்கு இடம் இல்லை. வயது நாற்பதை நெருங்கிக் கொண்டிருந்தது. 1973-ல் அவரைக் கலிபோர்னியாவில் உள்ள சான் டியேகோ அணிக்கு விற்று விட்டார்கள். அங்கே ஒரு சீசன் முழுமையாகக்கூட ஆட முடியவில்லை. 1974-ல் ஓய்வு பெற்றார். பேர் வாங்கிய ஊரில் விடைபெற அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கோல்ட்ஸ் அணியும் சரியத் தொடங்கியது. கூட்டம் குறைந்தது. நகரத்துக்குச் சொந்தமான மெமோரியல் ஸ்டேடியம் பழசாகி விட்டது என்றார் இர்சே. புதிய மைதானம் வேண்டும், இல்லையேல் கடனாவது வேண்டும் என்று கேட்டார். நகரமும் மாநிலமும் இழுத்தடித்தன. இர்சே மற்ற ஊர்களோடு பேச ஆரம்பித்தார். பீனிக்ஸ் நகரம் கேட்டது. இண்டியானாபோலிஸ் நகரமோ, அணி எதுவும் கையில் இல்லாமலே சுமார் 60,000 பேர் அமரும் கூரை போட்ட மைதானத்தைக் கட்டி வைத்துக் காத்திருந்தது.

1984 ஜனவரியில் பால்டிமோர் விமான நிலையத்தில் நிருபர்கள் இர்சேயைச் சூழ்ந்துகொண்டார்கள். அணியை எங்கும் கொண்டுபோகும் எண்ணம் இல்லை என்று அவர் கோபமாக மறுத்தார். இரண்டு மாதம்தான் சென்றது.

மார்ச் 28 இரவு

அணி போய்விடும் என்று பயந்த மேரிலாந்து மாநிலம் ஒரு மசோதாவைக் கொண்டு வந்தது. ரோடு போடவும் அணை கட்டவும் தனியார் நிலத்தைச் சர்க்கார் ஆர்ஜிதம் செய்கிறதல்லவா? அதே போலக் கால்பந்து அணியை நகரமே ஆர்ஜிதம் செய்துகொள்ளலாம் என்பது மசோதா. மார்ச் 27-ந் தேதி மேல்சபையில் அது நிறைவேறியது.

செய்தி இர்சேயின் காதுக்கு எட்டியது. காத்திருந்தால் அணி கைவிட்டுப் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாளே இண்டியானாபோலிஸ் மேயர் வில்லியம் ஹட்னட்டுக்குத் தகவல் பறந்தது. மேயரின் பக்கத்து வீட்டுக்காரர், வீட்டுச் சாமான்களை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகும் மேபிளவர் லாரிக் கம்பெனியின் தலைவர். அந்தக் கம்பெனியின் 15 லாரிகள் பால்டிமோருக்கு வெளியே இருந்த அணியின் பயிற்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது இரவு 10 மணி இருக்கும்.

பனியும் மழையும் கலந்து கொட்டிக் கொண்டிருந்தது. தலைக்கவசங்கள், உடற்பயிற்சிக் கருவிகள், பீரோக்கள், ஆபீஸ் மேஜைகள் ஒவ்வொன்றாக லாரியில் ஏறின. விஷயம் கசிந்து சில ரசிகர்கள் ஓடி வந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடிந்தது. பொழுது விடிவதற்குள் பயிற்சி நிலையம் காலி.

மேரிலாந்து போலீஸ் வழிமறிக்கக் கூடும் என்று லாரிகள் வெவ்வேறு ரோடுகளில் பிரிந்து போயின. இண்டியானா மாநில எல்லையைத் தொட்டதும் அந்த மாநிலப் போலீஸே முன்னால் வழிகாட்டி அழைத்துப் போயிற்று. மேரிலாந்து மசோதாவும் மார்ச் 29-ந் தேதி சட்டமாயிற்று. ஆனால் ஆர்ஜிதம் செய்ய அங்கே எதுவும் மிச்சம் இல்லை. நகரம் வழக்குப் போட்டது. சட்டம் வருவதற்கு முன்பே அணி எல்லை தாண்டி விட்டது என்று 1985 டிசம்பரில் கோர்ட்டு கையை விரித்தது.

மேயர் வில்லியம் டொனால்டு ஷேபர் கண்கலங்கி நின்ற படம் பால்டிமோர் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. இண்டியானாபோலிசிலோ கோலாகலம். இரண்டே வாரத்தில் சீசன் டிக்கெட் கேட்டு வந்த மனுக்கள் 1,43,000!

சலவைக்கடையில் தப்பிய சட்டைகள்

லாரியில் ஏறாத பொருளும் ஒன்று உண்டு. கோல்ட்ஸ் அணிக்கு ஒரு பேண்டு வாத்தியக் கோஷ்டி இருந்தது. ஆட்டத்தின் இடைவேளையில் சீருடை அணிந்து மைதானத்தில் வாசித்துக்கொண்டு போவார்கள். மற்ற நாட்களில் வேறு வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்கள்.

லாரிகள் வந்த அன்று அவர்களுடைய சீருடைகள் சலவைக்கடையில் இருந்தன. அதனால் தப்பின. கடைக்காரர் கண்டும் காணாமல் இருந்து விட்டார். கோஷ்டியினர் சட்டைகளை எடுத்துப் போய் ஒரு கல்லறைத் தோட்டத்து மண்டபத்தில் ஒளித்து வைத்தார்கள். பின்னர் இர்சே குடும்பத்தாரின் சம்மதமும் கிடைத்தது.

அணி இல்லாத ஊரில் அணியின் பேண்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அவர்கள் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர்வலங்களில் வாசித்தார்கள். மற்ற ஊர் அணிகள் அழைத்தால் அங்கே போய் வாசித்தார்கள். புதிய மைதானத்துக்குப் பணம் ஒதுக்குவது பற்றிச் சட்டசபையில் பேச்சு வந்தபோது, அதன் வாசலிலேயே நின்று வாசித்தார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. 12 வருஷம் அணி இல்லாத பேண்டாக அது உயிரோடு இருந்தது.

எண் போனது, ஆள் நின்றார்

இந்த விளையாட்டில் பெரிய ஆட்டக்காரர் ஓய்வு பெறும்போது அவருடைய சட்டை எண்ணுக்கும் ஓய்வு கொடுப்பது உண்டு. அந்த எண்ணை அப்புறம் யாரும் அணியக் கூடாது. யுனைட்டஸின் எண் 19. அணி போனபோது அந்த எண்ணும், அவருடைய சாதனைக் கணக்கும், அவர் வாங்கிக் கொடுத்த கோப்பைகளின் பெருமையும் சட்டப்படி அணியோடு சேர்ந்து போயின.

யுனைட்டஸ் போகவில்லை. தான் பால்டிமோர் ஆட்டக்காரன், இண்டியானாபோலிசுக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்று அறிவித்தார். பழைய ஆட்டக்காரர்கள் பலரும் அவர் பக்கமே நின்றார்கள்.

அவர்களில் ஒருவர் ஜான் மேக்கி. சட்டை எண் 88. பெரிய ஆட்டக்காரர்; அதைவிடப் பெரிய தொழிற்சங்கவாதி. ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்து 1970-ல் வேலைநிறுத்தம் நடத்தியவர். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரும் விருப்பப்பட்ட அணிக்குப் போக முடியாதபடி இருந்த விதியை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய், 1976-ல் ஜெயித்தவர். அணி முதலாளிகள் இஷ்டம்போல ஊர் மாறலாம், ஆட்டக்காரர் மட்டும் மாறக் கூடாது என்ற நிலையில் முதல் ஓட்டை போட்டவர் அவர்தான்.

1992-ல் அவருக்கு ஆட்டத்தின் மிக உயர்ந்த கௌரவம் கிடைத்தது. அதற்கான மோதிரத்தை அவரவர் அணியின் மைதானத்தில் வைத்துத் தருவது வழக்கம். இண்டியானாபோலிசுக்கு வர மேக்கி மறுத்து விட்டார். கடைசியில் பால்டிமோரின் பழைய மெமோரியல் ஸ்டேடியத்தில், வேறு இரண்டு ஊர் அணிகள் காட்சி ஆட்டம் ஆடியபோது, இடைவேளையில் மோதிரத்தை வாங்கிக்கொண்டார்.

88-ம் எண் திட்டம்

ஓய்வுக்குப் பிறகு என்ன? கொடுத்து வைத்தவர்கள் சிலர். ஸ்ட்ரெச்சரில் கிடந்து ஆட்டம் பார்த்த மார்ச்செட்டி, ஹாம்பர்கர் கடை தொடங்கி, கிளைகளாகப் பெருக்கினார். எல்லோருக்கும் அப்படி அமையவில்லை.

40,239 கஜ தூரம் பந்து வீசிய யுனைட்டஸின் வலது கை, கடைசிக் காலத்தில் ஒரு சாமானைப் பிடிக்கக்கூட உதவவில்லை. ஊன உதவித் தொகை கேட்டார். லீகின் திட்டம் மறுத்து விட்டது. 2002-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி, 69 வயதில் மாரடைப்பால் காலமானார்.

மேக்கிக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. ஐம்பது வயதைத் தாண்டியதும் ஞாபகம் தப்பத் தொடங்கியது. தன் வீட்டையும் மனிதர்களையும் மறந்தார். மோதிரத்தை மட்டும் மறக்கவில்லை. விமான நிலையத்தில் சோதனைக்காக அதைக் கழற்றச் சொன்னபோது மூர்க்கமாக மறுத்தார். வைத்தியச் செலவும் பராமரிப்புச் செலவும் பென்ஷனுக்குள் அடங்கவில்லை. அவருடைய மனைவி விமானப் பணிப்பெண்ணாக வேலைக்குப் போனார். நிலைமையை விளக்கி லீகின் தலைவருக்கு ஒரு கடிதமும் எழுதினார்.

அந்தக் கடிதம் வீண் போகவில்லை. 2007-ல் லீகும் சங்கமும் சேர்ந்து, ஞாபக சக்தி இழந்த பழைய ஆட்டக்காரர்களின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 88,000 டாலர் வரை தரும் திட்டத்தைத் தொடங்கின. மேக்கியின் சட்டை எண்ணையே வைத்து அதற்கு '88 திட்டம்' என்று பெயரிட்டார்கள். 2011-ல் மேக்கி இறந்தார்.

தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவதால் மூளை சிதைகிறது என்பதை 2002-ல் இறந்த மைக் வெப்ஸ்டர் என்ற ஆட்டக்காரரின் மூளையைச் சோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு கண்டறிந்து எழுதினார். பிட்ஸ்பர்க் அணிக்கு நான்கு தடவை கோப்பை வாங்கிக் கொடுத்த வெப்ஸ்டர், வீடு வாசல் இல்லாமல் வண்டியில் படுத்துறங்கிய காலமும் உண்டு. இறக்கும்போது வயது 50. ஆயிரக்கணக்கான பழைய ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-ல் கோர்ட்டு சமரசத்தை ஏற்றது. அதன்படி இதுவரை 100 கோடி டாலருக்கும் மேல் நஷ்ட ஈடு வழங்கப்பட்டிருக்கிறது.

போதும் என்று எழுந்தவர்கள்

இதையெல்லாம் பார்த்து, உச்சத்தில் இருக்கும்போதே விலகியவர்களும் உண்டு. கிளீவ்லாந்து அணியின் ஜிம் பிரவுன் 1966-ல் லண்டன் பக்கம் ஒரு சினிமாவில் நடித்துக் கொண்டிருந்தார். பயிற்சிக்கு வராவிட்டால் அபராதம் என்று முதலாளி ஆர்ட் மோடெல் மிரட்டினார். 30 வயதான பிரவுன் படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே ஓய்வை அறிவித்து விட்டார். டெட்ராயிட் அணியின் பேரி சாண்டர்ஸ் 1999-ல், உலக சாதனைக்கு 1,457 கஜம் பாக்கி இருக்கும்போது, தன் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

டாம் பிரேடியின் கதை நேர் எதிர். ஏழு தடவை கோப்பை வென்ற அவர் 2022 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார்; 40 நாளில் திரும்பி வந்தார்; 2023 பிப்ரவரியில், 45 வயதில், மறுபடியும் ஓய்வு பெற்றார்.

பால்டிமோரிலிருந்து போன அதே கோல்ட்ஸ் அணியில் ஆண்ட்ரூ லக் என்ற குவார்ட்டர்பேக் இருந்தார். தோள், விலா, சிறுநீரகம் என்று அடி மேல் அடி. சிகிச்சை, வலி, மறுபடி சிகிச்சை. 2019 ஆகஸ்டு 24-ந் தேதி, 29 வயதில் ஓய்வு முடிவெடுத்தார். அவர் அறிவிக்கும் முன்பே செய்தி கசிந்து விட்டது. மைதானத்தை விட்டு நடந்தபோது சொந்த ஊர் ரசிகர்களே கேலிக் கூச்சல் போட்டார்கள். கண்ணீரோடு நிருபர்களிடம் பேசினார். முழு அணியையும் இரவோடு இரவாக வரவழைத்து மகிழ்ந்த ஊரால், உடம்பு தாங்காமல் விலகிய ஓர் ஆளைப் பொறுக்க முடியவில்லை.

பட்ட ஊரே செய்தது

பால்டிமோர் சும்மா இருக்கவில்லை. கண்கலங்கிய மேயர் ஷேபர் மாநில கவர்னர் ஆனார். மாநில லாட்டரிச் சீட்டு வருமானத்தைக் கொண்டு, கேம்டன் என்ற இடத்தில் பழைய ரெயில்வே யார்டு இருந்த நிலத்தில் மைதானங்கள் கட்டத் திட்டம் போட்டார்கள். அமெரிக்காவின் ஆதி ரெயில்வேக்களில் ஒன்றான பால்டிமோர்-ஒகையோ ரெயில்வேயின் யார்டு அது.

மைதானம் கிடைக்கும், ஆட அணி? லீக் புதிய அணி தரவில்லை. அப்புறம் பால்டிமோர் என்ன செய்தது? தனக்கு நேர்ந்ததையே இன்னோர் ஊருக்குச் செய்தது.

ஜிம் பிரவுனை மிரட்டிய அதே ஆர்ட் மோடெல், 1995 நவம்பர் 6-ந் தேதி, கிளீவ்லாந்தின் 'பிரவுன்ஸ்' அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். மறுநாள்தான் கிளீவ்லாந்து ஜனங்கள் பழைய மைதானத்தைப் பழுது பார்க்க வரி கட்டச் சம்மதம் என்று ஓட்டுப் போட்டார்கள். பயன் இல்லை. டிசம்பர் 17-ந் தேதி சொந்த ஊரில் ஆடிய கடைசி ஆட்டத்தில் பிரவுன்ஸ் ஜெயித்தது. ரசிகர்கள் உட்கார்ந்திருந்த ஆசனங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு அழுதபடி வீட்டுக்குப் போனார்கள்.

ஆனால் கிளீவ்லாந்து ஒன்றைச் சாதித்தது. வழக்கும் போராட்டமுமாக நின்று, அணியின் பெயர், நிறம், சாதனைக் கணக்கு எல்லாம் ஊருக்கே சொந்தம் என்று எழுதி வாங்கியது. 1999-ல் அதே பெயரில் புதிய அணி பிறந்தது. மோடெல் கொண்டுபோன ஆட்கள் 'ரேவன்ஸ்' என்ற புதுப் பெயரில் பால்டிமோரில் ஆடினார்கள். பேண்டு கோஷ்டிக்கு மீண்டும் ஓர் அணி கிடைத்தது. யுனைட்டஸ் ரேவன்ஸ் ஆட்டங்களுக்கு வந்து மைதான ஓரத்தில் நிற்பார். அவர் சிலை இன்று அந்த மைதான வாசலில் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் அதன் பூட்ஸைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

காரணம் என்ன?

முதலாளிகள் ஏன் ஊர் மாறுகிறார்கள்? டி.வி. கம்பெனிகள் தரும் பெரும் பணத்தை 32 அணிகளும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதில் ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு என்பது இல்லை. பணக்காரர்கள் அமரும் தனி அறைகளின் வாடகை, விளம்பரப் பலகை, கார் நிறுத்தும் கட்டணம் போன்றவையே அந்தந்த முதலாளியின் பைக்குப் போகும். ஆகவே புது மைதானம் வேண்டும். அதையும் ஊர்ப் பணத்தில் கட்டிக் கொடுத்தால் மெத்த நல்லது. அணிகள் 32, அணி வேண்டும் என்று ஏங்கும் ஊர்கள் அதைவிட அதிகம். "நீ கட்டாவிட்டால் அடுத்த ஊர் கட்டும்" என்ற ஒரு வார்த்தையில் காரியம் நடக்கிறது.

இர்சே பண்டமாற்றாகக் கொடுத்த ராம்ஸ் அணியையே பாருங்கள். ரோஸன்புளூம் கடலில் மூழ்கி இறந்த பிறகு அவர் மனைவி முதலாளி ஆனார். ஊர்ப் பணத்தில் மைதானம் கட்டிக் கொடுத்த செயின்ட் லூயிஸ் நகருக்கு 1995-ல் அணியைக் கொண்டு போனார். 2016-ல் அடுத்த முதலாளி அதை லாஸ் ஏஞ்சல்சுக்கே திருப்பிக் கொண்டு வந்தார். அணி போன பிறகும் செயின்ட் லூயிஸ் ஜனங்கள் மைதானக் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்குப் போட்டு, 2021-ல் 79 கோடி டாலர் நஷ்ட ஈடு வாங்கினார்கள். ஓக்லாந்து நகரத்தின் 'ரெய்டர்ஸ்' அணியோ 1982-ல் லாஸ் ஏஞ்சல்ஸ், 1995-ல் மீண்டும் ஓக்லாந்து, 2020-ல் லாஸ் வேகாஸ் என்று மூன்று தடவை மூட்டை கட்டியது. லாஸ் வேகாஸில் மைதானத்துக்கு ஊர் கொடுத்தது 75 கோடி டாலர். ஓட்டல் அறைகளில் தங்குவோரிடம் வரியாக வாங்கும் பணம்.

மைதானத்துக்குக் கொட்டும் பொதுப் பணம் அந்த அளவுக்கு ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்பதே பெரும்பாலான பொருளாதார நிபுணர்களின் முடிவு. ஆனாலும் அணி போய்விடும் என்ற பயம் கணக்குப் பார்க்க விடுவதில்லை.

குமாஸ்தா தொடங்கிய அணி

முதலாளி இல்லாத அந்த ஓர் அணியைப் பார்ப்போம். விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஒரு சிறிய ஊர். ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். 1919-ல் அங்கே இறைச்சியை டப்பாவில் அடைக்கும் கம்பெனி ஒன்றில் சரக்கு அனுப்பும் குமாஸ்தாவாக இருந்தவர் கர்லி லாம்போ. கம்பெனியிடம் 500 டாலர் வாங்கி ஆட்டச் சட்டைகள் தைத்து ஓர் அணி சேர்த்தார். கம்பெனியின் தொழிலை வைத்தே அணிக்குப் 'பேக்கர்ஸ்' என்று பெயர்.

பணமுடை வந்தபோது, 1923-ல் ஊர் ஜனங்களிடம் பங்குகள் விற்றார்கள். அதற்குப் பின்னும் சில தடவை விற்றார்கள். இன்று பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். லாபத்தில் பங்கு கிடையாது. பங்கை லாபத்துக்கு விற்கவும் முடியாது. அணியையே விற்றால்? அந்தப் பணம் முழுவதும் தர்ம காரியத்துக்குப் போக வேண்டும் என்று விதி எழுதி வைத்திருக்கிறார்கள். விற்பதால் யாருக்கும் ஒரு காசு லாபம் இல்லை. ஆகவே விற்பாரும் இல்லை. லாம்போவின் பெயர் தாங்கிய மைதானத்தில் 1957-லிருந்து அந்த அணி ஆடி வருகிறது.

இன்னோர் ஊர் இந்த வழியைப் பின்பற்ற முடியாது. இனிமேல் அணிகளுக்குத் தனி முதலாளி இருந்தே ஆக வேண்டும் என்பது லீகின் விதி. கிரீன் பே அந்த விதிக்கு முந்தியது, அதனால் பிழைத்தது.

பால்டிமோரில் மெமோரியல் ஸ்டேடியத்தை இடித்து விட்டார்கள். ஸ்பாரோஸ் பாயிண்ட் இரும்பாலையும் 2012-ல் மூடப்பட்டது. யுனைட்டஸ் பந்து வீசிய அந்த இடத்தில் இப்போது வயோதிகர்களுக்கான குடியிருப்புகள் இருக்கின்றன. இர்சேயிடம் அணிக்குப் பத்திரம் இருந்தது. பால்டிமோர் ஜனங்களிடம் இருந்ததெல்லாம் பழைய டிக்கெட்டுகள். கிரீன் பே ஜனங்கள் மட்டும் காலத்தில் விழித்துக்கொண்டு, அந்தப் பத்திரத்தைத் தங்கள் பெயரில் எழுதி வாங்கிவிட்டார்கள்.